சுமத்ரா காற்றுக்கு மறுநாள்: மிதக்கும் லைனா, மூழ்கும் லைனா?

முள்ளில் இறகும் இழையும் கட்டிய ஃப்ளை என்னும் பொய் இரையை, லைனின் கனத்தாலேயே வீசுவது ஃப்ளை தூண்டில். பினாங்கில் அதை வீசுபவர்கள் சிறு கூட்டம்தான். அந்தச் சிறு கூட்டத்துக்குள்ளும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. நடுத்தரக் கனமுள்ள எட்டாம் எண் தூண்டில் தடிக்கு மிதக்கும் லைன் போடுவதா, மெதுவாக மூழ்கும் இன்டர்மீடியட் லைன் போடுவதா? என் ரீலில் இப்போது சுற்றியிருப்பது இன்டர்மீடியட். ஆகவே என்னிடம் நடுநிலைமையை எதிர்பார்க்க வேண்டாம்.

கடல் அமைதியாக இருக்கும் நாளில் வாதத்துக்கே இடமில்லை. மிதக்கும் லைனைத் தண்ணீரிலிருந்து ஒரே தூக்கில் எடுத்து மறுபடி வீசலாம். நீர்மேல் சத்தமிட்டுத் துள்ளும் பாப்பர் இரையைக் கட்டலாம். தெலுக் ஆயர் தாவார் சேற்றுக் கரையில் நீர் ஏறும்போது முழங்கால் ஆழத்தில் நின்று வீச அதைவிடத் தோதான லைன் கிடையாது. நான் பேச வருவது வேறு நாளைப் பற்றி.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைத் தாண்டி மழையோடு திடீரென வரும் சூறையான சுமத்ரா காற்று, பெரும்பாலும் விடியலுக்கு முன்னரோ காலையிலோ அடித்து, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கடல் அவ்வளவு சீக்கிரம் ஓயாது. நண்பர்களோடு திட்டமிட்ட பயணம் என்றால் இந்தக் காற்றில் மாட்டாமல் தப்புவது அரிது. நாலு பேருக்கும் ஒத்துவரும் விடுமுறை மறுபடி எப்போது அமையும்? படகுக்கு முன்பணம் வேறு கொடுத்தாயிற்று. படகோட்டி வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும், அதில் பேரம் கூடாது. போகலாம் என்று அவர் தலையசைத்துவிட்டால், அலை இன்னும் அடங்காத தண்ணீரில்தான் வீசியாக வேண்டும்.

பாலிக் பூலாவ் பக்கம் குவாலா சுங்கை பினாங்கில் அப்படிப்பட்ட காலையில் ஆறு தேநீர் நிறத்தில் கடலுக்குள் நீண்டிருக்கும். பழுப்பு நீரும் பச்சை நீரும் சந்திக்கும் கோட்டில் நுரை, காண்டாமர இலைகள், பிளாஸ்டிக் பை, எங்கிருந்தோ வந்த ஒற்றைச் செருப்பு. சந்தையில் சியாகாப் என்று விற்கும் கொடுவா நிற்பது அந்தக் கோட்டை ஒட்டித்தான். கலங்கல் அதற்கு மறைவு. சின்ன மீன்கள் ஆற்று நீரோடு அடித்துக்கொண்டு வருவது அதற்குப் பந்தி.

இந்த இடத்தில்தான் இரண்டு லைன்களும் பிரிகின்றன. மிதக்கும் லைன் அலையின் முதுகில் கிடக்கிறது. ஒவ்வோர் அலையும் அதைத் தூக்கி இறக்குகிறது. பக்கக் காற்று அதை வில்லாக வளைக்கிறது. நீங்கள் ஒரு முழம் இழுத்தால் அந்த வில் நிமிர்வதோடு சரி, ஃப்ளை நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்த அலை லைனைப் பற்றி இழுக்கும்போது நீங்கள் கேட்காத வேகத்தில் அது துள்ளும். கொடுவா துரத்திக் கடிக்கும் சாதியும் அல்ல. வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும். பொய் என்று தெரிந்தால் அதே வேகத்தில் துப்பிவிடும். லைனில் தளர்வு இருந்தால் உறிஞ்சியதும் தெரியாது, துப்பியதும் தெரியாது. படகின் மறுமுனையில் மிதக்கும் லைனோடு நின்ற தம்பி ஒருவன் அப்படியொரு காலை முழுவதும், "ஏதோ தொட்டது அண்ணே, என்னவென்றுதான் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

இன்டர்மீடியட் லைன் நொடிக்கு நான்கு, ஐந்து சென்டிமீட்டர்தான் இறங்கும். பத்து வரை எண்ணினால் அரை மீட்டர் ஆழம். அலையின் ஆட்டமும் காற்றின் பிடியும் பெருமளவு அங்கே குறைந்துவிடுகின்றன. விரலில் தொடங்கி ஃப்ளை வரை ஏறக்குறைய நேர்க்கோடு. நீங்கள் ஒரு முழம் இழுத்தால் ஃப்ளையும் ஒரு முழம் நகரும். மீன் உறிஞ்சும்போது ஈரத் துணியை யாரோ லேசாகப் பிடித்து இழுப்பதுபோல் விரலில் ஒரு கனம் தெரியும். தடியைத் தூக்காமல் லைனையே நீளமாக இழுத்து முள்ளை ஏற்ற அது போதும். மிதக்கும் குப்பையும் லைனில் குறைவாகவே சிக்குகிறது. ஆற்றின் நன்னீர் கனம் குறைந்தது என்பதால் உப்பு நீருக்கு மேல் படலமாகப் பரவி நிற்கும். அதற்குக் கீழே ஃப்ளையை நீந்தவிட முடிகிறது என்பதும் ஒரு லாபம்.

கனமான கண் வைத்த கிளவுசர் ஃப்ளையை மிதக்கும் லைனில் கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். ஃப்ளை இறங்கும், உண்மைதான். லைன் மேலேயேதான் கிடக்கும், வளைவும் அப்படியே இருக்கும். தவிரவும் பக்கக் காற்றில், நாலு பேர் நிற்கும் படகில், அந்த ஈயக் கண் யார் பிடரியில் வந்து இறங்கும் என்று சொல்வதற்கில்லை.

இன்டர்மீடியட்டில் குறை இல்லாமல் இல்லை. மறுபடி வீசுவதற்கு முன் லைனை ஏறக்குறைய முழுவதும் இழுத்தாக வேண்டும். மிச்சத்தை ஓர் உருட்டு வீச்சில் மேலே கொண்டுவந்த பிறகுதான் பின்வீச்சு. தோள் கேள்வி கேட்கும். காண்டாமர வேர்களுக்கு இடையே அது இறங்கிவிட்டால் சிப்பி ஓடுகள் அறுத்துவிடும். கண்ணாடிபோல் தெளிந்த வகை என்றால் ரீலில் சுற்றிய சுருளை மறப்பதில்லை. காலையில் கையால் இழுத்து நீட்டிவிட வேண்டும்.

பராமரிப்பில் இரண்டும் ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைக்க வேண்டும். அகாஸ் என்னும் கடிக்கும் சிறு பூச்சிக்குப் பூசும் மருந்தில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால் உள்ளங்கையைக் கழுவாமல் லைனைத் தொடாதீர்கள், மேல்பூச்சு கெட்டுவிடும். குளிர்நாட்டு டிரவுட் மீனுக்குச் செய்த லைன் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கவும் வேண்டாம். நம் வெயிலில் அது தொய்ந்து தடியின் வளையங்களில் ஒட்டும். பெட்டியில் டிராபிக்கல் என்று போட்டிருக்க வேண்டும்.

நான் சொல்வதெல்லாம் ஆற்றுமுகத்துக்கும் கரையோரத்துக்கும்தான். பூலாவ் கெண்டி தீவுப் பக்கம் நான் போனது குறைவு. அந்த ஆழத்துக்கும் நீரோட்டத்துக்கும் இன்டர்மீடியட்டே போதாமல் போகலாம், வேகமாக மூழ்கும் லைன் தேவைப்படலாம். ஏற்கெனவே மிதக்கும் லைன் வைத்திருப்பவர் அதைக் கழற்றி விற்க வேண்டியதில்லை. அதே ரீலுக்கு லைன் சுற்றும் உருளையான ஸ்பூல் ஒன்றை உபரியாக வாங்கி, அதில் இன்டர்மீடியட்டைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டால் படகிலேயே மாற்றிக்கொள்ளலாம்.