கோழி எச்சத்தை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன்

ஆறு வாரக் குஞ்சுகள், மொத்தம் ஒன்பது. ஒருநாள் அதில் இரண்டு இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூலையில் போய் நின்றுவிட்டன. புழுவாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டி குடற்புழு மருந்தை ஊற்றினேன், மூன்றாம் நாள் ஒன்று செத்துவிட்டது. அப்புறம்தான் கால்நடை ஆய்வகத்துக்குப் போனேன். அந்தக் குஞ்சை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

கூண்டில் நாலைந்து இடத்திலிருந்து அன்றைய எச்சத்தை எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு உடனே கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அடர்ந்த உப்புக் கரைசலில் அதைக் கலக்கி வைக்கிறார்கள், புழு முட்டை இருந்தால் மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியில் எனக்கும் காட்டினார்கள். உருளைப்புழு முட்டை ஒன்றுகூட இல்லை, பார்த்த இடமெல்லாம் பொடிப் பொடியாக வட்டங்கள். ரத்தக் கழிச்சல் நோயை உண்டாக்கும் காக்சிடியா! அது புழுவே கிடையாது, ஒற்றைச் செல் உயிரி, நான் கொடுத்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. மருத்துவர் ஆம்ப்ரோலியம் எழுதிக் கொடுத்து, குடிநீரில் கலந்து வைக்கச் சொன்னார். பி1 வைட்டமின் அந்தக் கிருமிக்குக் கிடைக்காமல் தடுத்துத்தான் இந்த மருந்து வேலை செய்கிறது, அதனால் அந்த நாட்களில் பி1 உள்ள சத்து மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். ஈரமான கூளத்தையும் அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போட்டேன். மீதி எட்டும் பிழைத்துக்கொண்டன.

ஒரு குறை. அறிக்கையில் 'காக்சிடியா உள்ளது' என்று மட்டும்தான் இருந்தது. நன்றாக இருக்கும் கோழியிலும் அது கொஞ்சம் இருக்கும், எவ்வளவு என்பதுதான் முக்கியம், கேட்ட பிறகுதான் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்தார்கள். நீங்களும் கேட்டு வாங்குங்கள். நாடாப்புழு இந்தச் சோதனையில் பல நேரம் தப்பிவிடும், இப்போதுதான் தொற்றிய புழு முட்டையிட ஆரம்பிக்காததால் அதுவும் தெரியாது, எனவே 'எதுவும் இல்லை' என்று வந்தாலும் கோழி இளைத்துக்கொண்டே போனால் சில வாரம் கழித்து மறுபடி கொடுங்கள்.

வெளிப்பூச்சிக்கு ஆய்வகம் தேவையில்லை. கழிவாயைச் சுற்றி இறகை விலக்கினால் பேன் ஓடுவது தெரியும், இறகின் அடியில் ஈர் கொத்தாக ஒட்டியிருக்கும். ரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சியான சிவப்புச் செள் மட்டும் பகலில் கோழிமேல் இருக்காது, ராத்திரி டார்ச்சோடு போய், கோழி அடையும் கம்பின் அடியை வெள்ளைத் துணியால் துடைத்தால் ரத்தக் கறை படியும். அதற்குக் கோழிக்கு மருந்து போட்டால் மட்டும் போதாது, அது பதுங்கும் இடுக்குகளிலும் அடித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறையும் அடிக்க வேண்டும்.