கோத்தகிரிக் கொழுந்தை லேசர் சோதனைக்குக் கொடுத்த அனுபவம்

கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கரில் தேயிலை. பறிக்கிற கொழுந்தில் பெரும்பகுதி ஃபேக்டரிக்குப் போய்விடும், மிச்சத்தை வீட்டிலேயே ஆவி காட்டி, கையால் உருட்டி கிரீன் டீயாக விற்கிறேன். கீழ்க்காட்டு இலைதான் இனிப்பாக வருகிறது என்று நாக்கு சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சமவெளியில் ஓர் ஆய்வகத்துக்கு இலை கொடுத்தேன். அகச்சிவப்பு லேசர் வைத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, அதாவது மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் சோதனை, செய்து தருகிறார்கள். முதல் முறை பணம் வீண், இரண்டாவது முறை மனசு நிறைந்தது.

முதலில் பச்சை இலையையும் டீத்தூளையும் கூரியரில் அனுப்பினேன். மூன்றாம் நாள் ஆய்வகத்துப் பெண் போனில், "அண்ணா, இலை வாடிப்போச்சுங்க, தூள்ல ஒண்ணுமே வரலீங்க" என்றார். காரணம் கேட்டதும் பொறுமையாக விளக்கினார். அந்த லேசரின் அலைநீளம் 2940 நானோமீட்டர், தண்ணீர் மிக நன்றாக உறிஞ்சுகிற ஒளி அது. இலையில் பட்டதும் உள்ளே இருக்கும் தண்ணீர் சட்டென்று கொதித்து வெடித்து, இலைச்சாற்றையும் தூக்கிக்கொண்டு மேலே கிளம்புகிறது, மேலே ஒரு மெல்லிய ஊசி மின்னேற்றம் உள்ள துளிகளைத் தூவிக்கொண்டிருக்கிறது, அதில் மாட்டிக்கொள்கிற மூலக்கூறுகள் அயனிகளாகிக் கருவிக்குள் போகின்றன. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நெமெஷும் வெர்டெஷும் 2007-இல் வெளியிட்ட முறையாம். 337 நானோமீட்டர் புற ஊதா லேசர் வைக்கிற இன்னொரு முறையில் மாதிரியோடு ஒளியை உறிஞ்சுகிற ஒரு படிகப் பொருளைக் கலந்து, பெரும்பாலும் வெற்றிடத்துக்குள் வைக்க வேண்டும். இங்கே இலையை அப்படியே வைக்கலாம், அதன் தண்ணீரே அந்த வேலையைச் செய்துவிடும். கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர்தானே. காய்ந்த தூளில் தண்ணீருக்கு எங்கே போவது?

எல்லாம் சரி, இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? அவர்கள் படிவத்தில் பெயர், எடை, போன் நம்பர் எல்லாம் கேட்கிறார்கள், இலை எப்போது பறித்தது என்று ஒரு வரி இல்லை. கட்டணமும் திரும்பவில்லை. எனக்கு அது கோபம்தான்.

இரண்டாவது முறை விடியற்காலையிலேயே மேல்காட்டிலும் கீழ்க்காட்டிலும் தண்டோடு பறித்து, ஈரத்துணியில் சுற்றி, முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, பத்து மணிக்குள் கையில் கொடுத்தேன். பக்கத்தில் நின்று பார்க்கவும் விட்டார்கள். டிக் டிக் என்று சின்னச் சத்தம், ஒவ்வொரு அடிக்கும் இலையிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை, அடுத்த நிமிடமே திரையில் மூலக்கூறு எடை வாரியாகக் கோடுகள். 195-இல் கஃபீன், 175-இல் டீக்கு இனிப்பு தரும் தியானின், 459-இல் துவர்ப்பு தரும் ஈஜிசிஜி என்கிற கேட்டசின். புரோட்டான் ஒன்று ஒட்டிக்கொள்வதால் சொந்த எடையைவிட ஒன்று கூடுதலாகக் காட்டுமாம். சில்வர் ஓக் நிழலில் இருக்கும் கீழ்க்காட்டு இலையில் தியானின் கோடு ஒவ்வொரு தடவையும் உயரமாகவே வந்தது. நிழலில் தியானின் கேட்டசினாக மாறுவது குறையும் என்று கேள்விப்பட்டதுதான், என் இலையிலேயே அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

இலையைத் திருப்பித் தந்தார்கள். ஊசியால் குத்தியது போல் வரிசையாகப் புள்ளிகள், வீடு வருவதற்குள் பழுத்துப் பழுப்பாகியிருந்தன. அம்மா கையில் வாங்கிப் பார்த்து, "கொசு விழுந்திருக்கா, எந்தக் காட்டுல?" என்று பதறிவிட்டார். தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி குத்திய இலை அச்சு அசல் அப்படித்தான் இருக்கும்.

குறை ஒன்று உண்டு. கேட்டசினும் எபிகேட்டசினும் ஒரே எடை, இரண்டும் 291-இல்தான் வரும், எடையை மட்டும் பார்க்கிற கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு கிராமில் எத்தனை மில்லிகிராம் என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டுமென்றால் ஹெச்பிஎல்சி என்கிற, பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஆக, டீத்தூளைச் சோதிக்க நினைப்பவர்கள் இங்கே போக வேண்டாம். பச்சை இலையில் இந்தக் காட்டுக்கும் அந்தக் காட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க ஆசைப்படுகிற சிறு விவசாயிகள் தாராளமாகப் போகலாம், ஆனால் கூரியரை நம்பாமல் கையோடு கொண்டுபோங்கள். மழை பிடித்ததும் கொழுந்து தளதளவென்று வரும், அப்போது இன்னொரு முறை போகிறேன். படிவத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்களா என்றும் பார்க்க வேண்டும்.