சுங்கை பூலோவுக்கு ஓதம் பார்த்துப் போங்கள்

சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், ஜொகூர் நீரிணையை ஒட்டி, 202 ஹெக்டேரில் பரந்து கிடக்கிறது சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். ஆனால் முதல்முறை போய்விட்டு, “வெறும் சேறுதான், ஒன்றையும் காணோம்” என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். இடத்தின் மேல் தப்பில்லை. நேரம்தான் தப்பு.

இங்குள்ள பெரிய குளங்கள் இயற்கையாக அமைந்தவை அல்ல, பழைய இறால் பண்ணைகள். மண் கரை போட்டு, மதகு வைத்து, கடல் நீரை உள்ளே விட்டு இறால் வளர்த்த இடம். 1986இல் பறவை பார்ப்பவர்கள் இதன் அருமையைக் கண்டுபிடித்துக் குரல் கொடுத்தார்கள். 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் சட்டப்படியான இயற்கைக் காப்பகமானது. மதகுகள் இன்றும் வேலை செய்கின்றன. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்பதைக் காப்பகத்தினர் அவற்றைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். இங்கே பறவை பார்ப்பதன் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது.

ஓதம் என்றால் கடல் நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது; ஏறுவது ஏற்றம், இறங்குவது வற்றம். வற்றத்தின்போது வெளியே கடலோரச் சேற்றுப் படுகை முழுவதும் திறந்து கிடக்கும். வலசை வந்த பவளக்காலி, பச்சைக்காலி, கோட்டான் (ஆந்தை அல்ல, வளைந்த அலகுள்ள கரைப்பறவை), பொன்னிற உப்புக்கொத்தி எல்லாம் புழுவும் நண்டும் தேடி அங்கே போய்விடும். ஓதம் ஏறி அந்தப் படுகை மூழ்கியதும் அவற்றுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. மதகால் நீர் குறைத்து வைத்திருக்கும் குளங்களுக்குள் கூட்டமாக வந்து இறங்கி, ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுக்கும். ஆக, கரைப்பறவைகளைப் பார்க்க ஏற்றத்தின்போது போக வேண்டும். ஓத அட்டவணையில் நீரின் உயரம் 2.5 மீட்டருக்கு மேல் காட்டும் நாளாகப் பாருங்கள். உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே, பறவைகளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்கும் மறைவுக் குடிலில் உட்கார்ந்துவிடுங்கள். கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதுதான் காட்சி. இறங்கியபின் பாதி தூங்கிப்போகும். ஒரு குளத்தில் நீர் நிரம்பி நின்றால் அங்கே காத்திருந்து பயனில்லை, சேறு தெரியும் அடுத்த குளத்துக்கு நடையைக் கட்டுங்கள்.

ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன சனிக்கிழமை காலை 9 மணிக்கு அமைந்தது இந்தச் சனிக்கிழமை அமையாது. ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் பார்த்தே ஆக வேண்டும்.

பருவம் செப்டம்பர் முதல் மார்ச் வரை. சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான வழித்தடத்தில் இது ஓர் இளைப்பாறும் இடம். கோடியக்கரையில் பார்த்துப் பழகியவர்களுக்குப் பல பறவைகள் தெரிந்த முகங்களாகவே இருக்கும். எங்களைக் கேட்டால் மார்ச் மாதம்தான் அழகு. எண்ணிக்கை குறைந்திருந்தாலும், கிளம்பத் தயாராகும் பொன்னிற உப்புக்கொத்திகளின் வயிறு கருத்துக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

வற்றம் வேறொரு உலகம். நண்டு, முதலை, சேற்றில் தாவும் மீன் ஆகியவற்றுக்கு அதுதான் நேரம். 500 மீட்டர் நீளமுள்ள அலையாத்திக் காட்டு மரப்பாலத்தில் நின்று, குனிந்து, ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். முதலில் வெண்கண்டலின் பென்சில் போன்ற மூச்சுவேர்கள் மட்டும் தெரியும். பிறகு சேறே நகரும். பெரிய தாவும் மீன் ஒரு சாணுக்கு மேல் நீளும். சேற்றைக் கவ்விக் கவ்வி வெளியே துப்பித் தனக்கென்று ஒரு குழிக்குளம் கட்டி வைத்திருக்கும். கன்னம் உப்பியிருப்பது செவுள் அறையில் தண்ணீர் அடைத்து வைத்திருப்பதால். கண்ணை அவ்வப்போது உள்ளே இழுத்து நனைத்துக்கொண்டு மறுபடி வெளியே நீட்டும். இந்த ஒன்றைப் பார்ப்பதற்காகவே குழந்தைகளை அழைத்துப் போகலாம்.

முதலைகளைத் தேட வேண்டிய இடம் ஆற்றின் குறுக்கே போகும் பிரதான பாலம். செம்மூக்கு முதலைகள் உண்மையாகவே இங்கே வாழ்கின்றன. பெரும்பாலானவர்கள் “முதலை, முதலை” என்று காட்டுவது நீருடும்பைத்தான். உடும்பு தலையைத் தூக்கிக்கொண்டு உடலை நெளித்து நீந்தும், நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். முதலை மரக்கட்டை மாதிரி கிடக்கும்; மூக்கு நுனியும் கண் மேடும் மட்டும் நீருக்கு மேலே தெரியும். நீர் வற்றிய நேரத்தில் கரைச் சேற்றில் வாயைப் பிளந்து வெயில் காய்வதும் உண்டு. பாதையை விட்டு இறங்காதீர்கள், விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடாதீர்கள். நடைபாதையில் முதலையைக் கண்டால் முதுகைக் காட்டி ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள். நீர்நாய்க் குடும்பத்துக்கும் இதே இடைவெளி தேவை. குட்டிகள் இருக்கும்போது படத்துக்காக நெருங்கினால் பெரியவை பாயும்.

போக்குவரத்து எளிது. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 925ஆம் எண் பேருந்து, கிராஞ்சி நீர்த்தேக்கத்தருகே இறங்கினால் வருகையாளர் மையம் பக்கம்தான். அங்கிருந்து கடலோரப் பாதை 1.3 கிலோமீட்டர், அதைத் தாண்டி வலசைப் பறவைப் பாதை 1.95 கிலோமீட்டர். இரண்டையும் நடந்து திரும்ப நான்கரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகும். தூரம் பெரிதல்ல, நின்று நின்று பார்ப்பதால் நான்கு மணி நேரம் ஓடிவிடும். 18 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறினால் குளங்களின் அமைப்பு ஒரே பார்வையில் புரியும்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடையை நம்பிப் போக வேண்டாம். கொசுவும் மணல் ஈயும் கடிக்கும். முழுக்கால் சட்டையும் கொசு மருந்தும் கட்டாயம். தொலைநோக்கியில் 8x42 (8 மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். தாங்கியில் வைக்கும் பெரிய தொலைநோக்கி இருந்தால் 10 மணிக்குள் பயன்படுத்திவிடுங்கள், அதற்குப் பிறகு சேற்றின் மேல் கானல் ஆடும். மிதிவண்டிக்கும் வளர்ப்பு நாய்க்கும் அனுமதி இல்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை திடீரென்று பிடித்துக்கொள்ளும். இடி கேட்டதும் கோபுரத்தையும் பாலத்தையும் விட்டு இறங்கி, வருகையாளர் மையம் போன்ற கட்டடத்துக்குள் ஒதுங்கிவிடுங்கள்.