கழற்றி மாட்டும் பின்பெட்டி: உப்புக்காற்றில் மூன்று வருடம்

மண்டபத்தில் இருந்துகொண்டு போட் இன்ஜின் வேலை பார்க்கிறேன். மூக்கையூர் முதல் தொண்டி வரை எந்தக் கரையில் இன்ஜின் மக்கர் பண்ணினாலும் என் ஹிமாலயன் பைக்கில்தான் போவேன். பின்னால் 45 லிட்டர் பெட்டி. வாங்கும்போது நாலு போல்ட் போட்டு கேரியரோடு முறுக்கிக் கொடுத்தார்கள். அதனால் வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, சாமானை அள்ளி அள்ளி மணலில் நடக்க வேண்டியிருந்தது. பெட்டியே கூட வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தினமும் நினைப்பேன்.

2022-ல் லேத் பட்டறையில் மாற்றினேன். பெட்டியின் அடியில் முன்பக்கம் இரண்டு கொக்கி. அதைக் கேரியர் தகட்டின் விளிம்பில் மாட்டி, பின்பக்கத்தை இறக்கினால், பெட்டியிலிருந்து நீண்டிருக்கும் இரண்டு 8 எம்எம் போல்ட்டும் ஓட்டைக்குள் இறங்கும். அடியில் கையால் திருகும் குமிழ் நட். ஒரு நிமிட வேலை.

முதலில் போல்ட், நட் இரண்டையுமே ஸ்டெயின்லெஸ்ஸில் போட்டேன். எளிதில் துரு பிடிக்காது, சரிதான். ஆனால் ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் திருகினால் மரை கடித்துக்கொள்ளும். இரண்டாவது மாதமே தொண்டியில் ஒரு குமிழ் பாதியில் இறுகிவிட்டது. ஆக்ஸா பிளேடு வைத்து அறுத்துத்தான் எடுத்தோம். “பித்தளையில போடுங்கண்ணே, எங்க போட்டுல எல்லாம் அதான்” என்றான் கூட நின்ற பையன். அன்றிலிருந்து பித்தளைக் குமிழ், கொஞ்சம் கிரீஸ். இன்றுவரை கடிக்கவில்லை. தகடு அலுமினியம் என்பதால் போல்ட் தொடுகிற இடத்தில் வெள்ளைப் பொடி பூத்தது. நடுவே நைலான் வாசர் கொடுத்தபின் நின்றது.

கையால் திருகும் குமிழுக்கு ஒரு குறை உண்டு: அதிர்வில் தளரும். பாம்பன் பாலத்தில் ஏறியதும் பின்னால் கடகடவென்று சத்தம். ஓரங்கட்டிப் பார்த்தால் இடது குமிழைக் காணோம். வலதுபக்கம் மட்டும் பிடித்திருக்க, பெட்டி ஒருக்களித்துக் கிடக்கிறது. ஆடிக் காற்று வேறு. வலைக்கயிறு போட்டுக் கட்டித்தான் தங்கச்சிமடம் போய்ச் சேர்ந்தேன். மறுநாளே போல்ட் நுனியில் ஓட்டை போட்டு, நட் கழன்று விழாமல் தடுக்கும் ஆர்-பின் (R வடிவக் கம்பி) குத்திவிட்டேன். கைத்திருகு போடுகிறவர்கள் ஆர்-பின் இல்லாமல் தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

பெட்டியில் பிரேக் லைட் இருந்தால் தண்ணீர் புகாத இரண்டு முனை (2-pin) கனெக்டர் போடுங்கள். வண்டிப் பக்கம் குழிப்பகுதிதான் வரவேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிமுனை அந்தப் பக்கம் வந்தால், பெட்டி இல்லாதபோது பிரேக் பிடிக்கையில் எங்காவது உரசி ஃபியூஸ் போகும்.

எடை 10 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. பின் சக்கரத்துக்கும் பின்னால் பாரம் உட்கார்ந்தால் முன்பக்கம் லேசாகி, காற்றில் ஹேண்டில் அலையும். கனமான சாமான் எல்லாம் இப்போது பக்கவாட்டுப் பைகளில்.

வெள்ளிக்கிழமை அம்மாவை ராமேஸ்வரம் கோயிலுக்குக் கூட்டிப் போகும்போது பெட்டி வீட்டில் இருக்கும். முன்பெல்லாம் “முதுகுல இடிக்குதுப்பா” என்பார். இப்போது வசதியாக உட்கார்ந்து வருகிறார். பெட்டிக்குள் தண்ணீர் இறங்காமல் போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாசர் ஒன்று வெடித்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதை மாற்ற வேண்டும்.