முழு மிதியில் எல்லா ட்யூனும் நல்ல ட்யூன்தான்

என்னிடம் இருப்பது 2018 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி கார், ஆறு கியர் மேனுவல். முதல் வருஷம் கம்பெனி மென்பொருளோடு ஓட்டினேன். பிறகு இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றும் 'ட்யூன்' பக்கம் வந்தேன். ரெடிமேட் ட்யூன், டைனோ (வண்டியின் பலத்தை அளக்கும் இயந்திரம்) ட்யூன், ஈமெயில் வழி ட்யூன் என்று மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாயிற்று. டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் வேலைக்குப் போய்வரவும் கடைக்குப் போகவும் இந்த ஒரே வண்டிதான். அதனால் என் தராசு கொஞ்சம் வேறு மாதிரி. காலை ஆறரைக்கு ஸ்டார்ட் பண்ணினால் ஒழுங்காக நிற்கிறதா, ஏசி ஓடும்போது சிக்னலில் அணைந்துபோகிறதா, எமிஷன் டெஸ்டில் (புகைச் சோதனையில்) தேறுகிறதா என்றுதான் பார்ப்பேன். குதிரைத்திறன் கணக்கு அதற்கப்புறம்.

முதலில் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடுவது. இதையும் போட்டியில் சேர்த்தே ஆகவேண்டும், ஏனென்றால் பலருக்கு இதுதான் சரியான விடை. இந்த 5.0 லிட்டர் வி8-இன் கம்ப்ரஷன் விகிதம் (கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) 12:1. தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண் 93 உள்ள பெட்ரோலில் 460 குதிரைத்திறன் என்று ஃபோர்டு சொல்கிறது. 87 ஊற்றினாலும் ஓடும். நாக் சென்சார்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும், பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டும் சத்தம் வந்தால் கணினி ஸ்பார்க் டைமிங்கை (தீப்பொறி விடும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளும், எந்த மாதிரிப் பெட்ரோல் வருகிறது என்பதை நாளாவட்டத்தில் கற்றும் கொள்ளும்.

அறுபதுகளில் கதையே வேறு. மிச்சிகனில் ராயல் ஓக் ஊரில் இருந்த ராயல் போன்டியாக் டீலர், ஜிடிஓ வண்டிகளுக்கு 'பாப்கேட்' என்று ஒரு கிட் போட்டுக் கொடுத்தார்கள். காற்றோடு பெட்ரோல் கலக்கும் கார்புரேட்டருக்கு வேறு ஜெட், தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டரில் டைமிங் மாற்றம், மெல்லிய ஹெட் கேஸ்கட், இவ்வளவுதான். வண்டி ஆளே மாறிப்போகும். அன்று கம்பெனி அவ்வளவு மிச்சம் வைத்து அனுப்பியது. இன்று அந்த மிச்சத்தைக் கம்பெனியே வழித்து எடுத்துவிடுகிறது. சூப்பர்சார்ஜர், டர்போ எதுவும் இல்லாத என் மாதிரி வண்டிக்கு 93 ஆக்டேன் ட்யூன் போட்டால் சக்கரத்தில் கூடுவது தோராயமாக 10 முதல் 20 குதிரை. நூற்றுக்கு மூன்றோ நான்கோ. அதை உடம்பால் உணர்ந்தேன் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை, சிரித்துக்கொள்வேன்.

அப்புறம் எதற்கு ட்யூன்? எனக்குக் காரணம் ஒன்றே ஒன்று. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போக கிளட்சை மிதித்து ஆக்ஸிலரேட்டரை விட்டால், இன்ஜின் சுற்றுவேகத்தைக் காட்டும் முள் உடனே இறங்காது. ஒரு கணம் அங்கேயே தொங்கி நிற்கும். அவசரப்பட்டுக் கிளட்சை விட்டால் ஒரு குலுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைப்பார். இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டிலைப் படக்கென்று மூடினால் புகைக்கணக்கு கெடும் என்பதால் கம்பெனி வேண்டுமென்றே மெதுவாக மூடுகிறது. இந்தத் தொங்கலைச் சரிசெய்ய மென்பொருளைத்தான் தொடவேண்டும்.

ரெடிமேட் ட்யூன்

கையடக்கக் கருவி ஒன்று வரும். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைக்க இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி, மெனுவில் '93' என்று தேர்ந்தெடுத்தால், கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. உங்கள் வண்டியைக் கண்ணால் பார்க்காத ஒருவர், இதே மாடல் எல்லாவற்றுக்கும் பொருந்தட்டும் என்று எழுதிய ஃபைல் அது.

ஓட்டிப் பார்த்த முதல் நாள் அசந்துபோனேன். கால் வைத்ததும் வண்டி பாய்ந்தது. மூன்றாவது நாள்தான் சந்தேகம் வந்தது. இந்தக் காலத்து வண்டியில் மிதிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள் கிடையாது. கால் மிதியளவு கேட்டால் எவ்வளவு திறப்பது என்பதைக் கணினியில் இருக்கும் ஒரு அட்டவணை முடிவு செய்கிறது. அந்த அட்டவணையை முரட்டுத்தனமாக மாற்றினால், கால்வாசி மிதித்தாலே பாதி திறந்துவிடும். வண்டிக்குப் பலம் கூடியது போலத் தோன்றும். முழுதாக மிதித்துப் பார்த்தால் சாயம் வெளுக்கும், அங்கே முன்பு இருந்ததும் இப்போது இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய மென்பொருளிலேயே இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்திருந்தால் சில நூறு டாலர் மிச்சம்.

முள் தொங்குவது நின்றது, ஆனால் எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. ஆகஸ்ட் மாத மதியம், ஏசி முழுசாக ஓடுகிறது, சிக்னலை நோக்கிக் கிளட்சை மிதித்தபடி உருண்டு வருகிறேன். முள் நேராக இறங்கி, ஐட்லிங்கையும் (வண்டி சும்மா நிற்கும்போதுள்ள சுற்றுவேகம்) தாண்டிக் கீழே போய், இன்ஜின் நின்றுவிட்டது. ஸ்டியரிங் திடீரென்று கனத்தது. வாரத்தில் இரண்டு தடவை இப்படி. விற்றவருக்கு எழுதினேன், ஃபைலில் தப்பு இல்லை என்று பதில் வந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. அந்த ஃபைலுக்கு என் வண்டியைத் தெரியாது, அவ்வளவே.

நடுவில் ஒரு வார்த்தை. வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்கள் ஃபோர்டு தானே விற்கும் கேலிப்ரேஷன்களை, அதாவது கம்பெனியே எழுதிய ட்யூன்களைப் பார்க்கலாம். பலம் அதிகம் கூடாது, ஆனால் பிரச்சினை வந்தால் யார் வாசலில் போய் நிற்பது என்ற குழப்பம் குறைவு. எந்த வண்டிக்கு என்ன வாரண்டி, யார் பொருத்தினால் செல்லும் என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

டைனோவா, ஈமெயிலா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

டைனோ கடையில் வண்டியை உருளைகள் மேல் ஏற்றி, பட்டைகளால் இறுக்கிக் கட்டி, முன்னால் ஒரு ராட்சத மின்விசிறியை வைப்பார்கள். ட்யூனர் மடிக்கணினியோடு பக்கத்தில் நிற்பார். ஒரு ஓட்டம், இரண்டு டிகிரி டைமிங் மாற்றம், மறுபடி ஓட்டம். வரைபடம் கண்முன்னே ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆபத்து வந்தால் அந்த நொடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க ஆள் இருக்கிறது என்பது பெரிய பாதுகாப்பு.

ஆனால் கையில் கொடுக்கும் அந்தத் தாளை நிதானமாகப் படியுங்கள். மூலையில் எஸ்ஏஇ என்றோ எஸ்டிடி என்றோ இருக்கும். அன்றைய வெப்பம், காற்றழுத்தத்துக்கு ஏற்பத் திருத்தும் கணக்குமுறைகள் அவை. ஒரே ஓட்டத்துக்கு எஸ்டிடி ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். சக்கரத்தில் 400 குதிரை என்றால் 16 குதிரை கூடிவிடும், கணக்குமுறையை மாற்றினாலே போதும். ட்யூன் மொத்தமாகக் கொடுத்ததே அவ்வளவுதானே! முன்னும் பின்னும் ஒரே இயந்திரத்தில், ஒரே திருத்தத்தில், ஒரே நாளில் எடுத்த தாள் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒற்றைத் தாள் வீட்டுச் சுவரில் ஒட்டத்தான் உதவும்.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். டைனோவில் மூன்று மணி நேரம் கொதித்துக்கொண்டிருந்த இன்ஜினைத்தான் ட்யூன் பண்ணினார்கள். முழு மிதியில் குறையே சொல்ல முடியாது. மறுநாள் காலை, ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினேன். முள் 1,500-க்கு ஏறுகிறது, 700-க்கு விழுகிறது, மறுபடி ஏறுகிறது. அரை நிமிஷம் இப்படி மூச்சுவாங்கிவிட்டு அடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். கடையில் கேட்டால், ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் போங்கள், காலையில் பார்க்கிறோம் என்றார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அவர்கள் முதலில் சொன்ன விலையில் அந்தக் காலை சேர்ந்திருக்கவில்லை. இன்னொன்று, வெறும் உருளையின் எடையை வைத்து அளக்கிற வகை டைனோவில் பாதி மிதியில் ஒரே சுமையில் இன்ஜினைப் பிடித்து வைக்க முடியாது. சுமை கொடுக்கும் பிரேக் உள்ள வகையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நாம் தினமும் ஓட்டுவது அந்தப் பாதி மிதியில்தான்.

ஈமெயில் ட்யூனில் ட்யூனர் வேறு மாநிலத்தில் இருப்பார், முகம் பார்க்க மாட்டீர்கள். ஃபைல் அனுப்புவார், ஏற்றி ஓட்டி, இன்ஜின் ஓடிய விவரங்களின் பதிவை எடுத்துத் திருப்பி அனுப்பவேண்டும். முதலில் எனக்கு நம்பிக்கையில்லை. அவர் கேட்ட முதல் பதிவே என்னை மாற்றியது: "ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் தொடாமல் விடுங்கள். அதன் பிறகு ஏசி போடுங்கள்." டைனோ கடையால் பார்க்க முடியாத காலையை இவர் என் வீட்டு வாசலிலேயே பார்த்துவிட்டார். மூன்று வாரத்தில் நான்கு தடவை ஃபைல் மாறியது. இரண்டாவதில் ஐட்லிங் அடங்கியது, மூன்றாவதில் முள் தொங்கல் போனது. நான்காவதில் வெயிலில் உள்ளிழுக்கும் காற்று சூடேறும்போது டைமிங்கைக் கொஞ்சம் குறைத்தார். பலம் குறைந்ததுதான், டெக்சஸ் கோடையில் அதைக் குறைக்காதவரிடம் நான் போக மாட்டேன்.

இதிலும் ஓட்டை உண்டு. முழு மிதிப் பதிவும் கேட்பார்கள். மூன்றாவது கியரில் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்போது வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டிவிடும். பொதுச் சாலையில் அது குற்றம், ஆபத்தும்கூட. நான் நேர்கோட்டுப் பந்தயத் தடமான டிராக் ஸ்ட்ரிப்பில் பொதுமக்களுக்கு விடும் மாலையில் கட்டணம் கட்டி எடுத்தேன். அடுத்தது, தூரத்தில் இருப்பவர் உங்கள் இன்ஜினைக் காதால் கேட்பதில்லை. எங்கேயோ தளர்ந்த தகடு ஒன்று அதிர்ந்தாலும் நாக் சென்சார் அதைத் தட்டல் என்று பதிவு செய்யலாம், அவர் அதை நம்பி டைமிங்கை வெட்டுவார்.

சூப்பர்சார்ஜர் வைத்திருந்தால் நான் சொன்னதையெல்லாம் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். அங்கே கலவை ஒரு நொடி பிசகினாலும் பிஸ்டன் போய்விடும். நேராக டைனோவுக்குப் போங்கள், காலை ஸ்டார்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இ85

பலம் வேண்டும் என்றால் எத்தனால் அதிகம் கலந்த இந்த எரிபொருளில்தான் இருக்கிறது. எத்தனால் குளிர்ச்சியாக எரியும், தட்டலை நன்றாகத் தாங்கும், டைமிங்கைத் தாராளமாக ஏற்றலாம். ஆனால் சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் இ85-க்கு ஏறத்தாழ 9.8 பங்குதான், அதனால் எரிபொருள் கூடக் குடிக்கும். என் 16 காலன் டேங்க் வாரத்துக்கு நடுவிலேயே காலி. அதோடு பெயரில்தான் 85. பம்பில் வருவதில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை இருக்கலாம், குளிர்காலத்தில் குறையும். சோதனைக் குழாயில் தண்ணீரும் எரிபொருளும் ஊற்றிக் குலுக்கினால் எத்தனால் தண்ணீரோடு கீழே போய்விடும், கோடு பார்த்து அளக்கலாம். பெட்ரோல் பங்கில் அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நின்றபோது ஒரு பாட்டி என்னிடம் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன்.

சட்டமும் வாரண்டியும்

டெக்சஸில் 2025 முதல் சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை போய்விட்டது. டாலஸ் போன்ற சில கவுண்டிகளில் எமிஷன் சோதனை அப்படியே இருக்கிறது. புது ஃபைல் ஏற்றினால் கணினியின் தயார்நிலைப் பதிவுகள் (புகைக்கருவிகளைத் தானே சோதித்து முடித்ததற்கான குறிப்புகள்) அழிந்துவிடும். நான் சனிக்கிழமை ஏற்றி, திங்கட்கிழமை சோதனைக்குப் போய், தயாராக இல்லை என்று திரும்பி வந்தேன். ராத்திரி நிறுத்தி, டேங்க் நிரம்பாமலும் காலியாகாமலும் வைத்து, ஒரு வாரம் சாதாரணமாக ஓட்டிய பிறகு தேறியது. கலிஃபோர்னியா இன்னும் கறார்: 2021 ஜூலை 19 முதல் அங்கே ஸ்மாக் சோதனை என்ற புகைச் சோதனையில் மென்பொருளையே சரிபார்க்கிறார்கள். கம்பெனியுடையதாகவோ அந்த மாநிலக் காற்று வாரியம் ஒப்புக்கொண்டதாகவோ இல்லாவிட்டால் தோல்விதான். புகைக்குழாயின் பின்பக்க ஆக்சிஜன் சென்சாரை அணைத்துத் தருகிறேன் என்பவர் எந்த மாநிலத்திலும் வேண்டாம். புகைக்கருவியில் அப்படிக் கைவைப்பதைக் கூட்டாட்சிச் சட்டமே தடை செய்கிறது.

1975-இன் மேக்னசன் மாஸ் சட்டம் காப்பாற்றும் என்று எல்லோரும் சொல்வார்கள். வெளிப்பொருள் மாட்டியதாலேயே வாரண்டி போகாது, பழுதுக்கு அதுதான் காரணம் என்று கம்பெனி காட்டவேண்டும் என்பது சரி. பிஸ்டன் உருகிய இன்ஜினில் டைமிங் மாற்றிய ஃபைலைக் கண்டுபிடித்தால் காட்டுவதற்கு என்ன கஷ்டம்? பழைய ஃபைலைத் திருப்பி ஏற்றினாலும் தடயம் மிஞ்சலாம். இன்ஜின் போனால் அந்தச் செலவைத் தாங்க முடியாதவர் ட்யூன் போடக்கூடாது என்பது என் கட்சி.

செவ்ரலே காமரோ எஸ்எஸ் வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன கணக்கு பெரும்பாலும் பொருந்தும். டாட்ஜ் சேலஞ்சர் என்றால் கூடுதலாக ஒரு படி: 2015 மாடல் முதல் வந்தவற்றின் கணினி பூட்டியே வந்தது. அதை வெளியே எடுத்துத் திறக்கக் கொடுக்கவோ வேறு வாங்கவோ வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது வண்டியில் இருப்பது ஈமெயில் ட்யூனின் நான்காவது ஃபைல். கூடவே 91 ஆக்டேனுக்கு ஒன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கொலராடோ பக்கம் 93 எளிதில் கிடைக்காது. அங்கே உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் தட்டல் குறைவு, இன்ஜின் ஓரளவு மன்னிக்கும். கலிஃபோர்னியாவில் கடல்மட்டத்திலும் பெரும்பாலும் 91-தான், அங்கே மன்னிப்பு கிடையாது. அடுத்த வாரம் டென்வர் போகிறோம். முந்தின நாள் ராத்திரி கராஜில் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டி அந்த 91 ஃபைலை ஏற்றுவேன், பாதியில் மின்னழுத்தம் இறங்கினால் கணினியே செத்துவிடலாம். ஏசி விசிறியை அணைத்து, கதவைச் சாத்தி, கருவியைச் செருகிவிட்டு, திரையில் கோடு நூறைத் தொடும்வரை யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.