அல்ட்ராசோனிக் டேங்க்: மெஷின் அருமை, வாங்க வேண்டாம்

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி (போர்வெல் போடும் லாரி) வேலை பார்க்கும் மாப்பிள்ளை, காதுக்குக் கேட்காத அதிர்வால் அழுக்கைக் கழற்றும் 40 கிலோஹெர்ட்ஸ் டேங்க் விலை இறங்கியிருக்குதாம், எடுத்துப் போடலாமுங்களா மாமா என்று கேட்டான். என்னுடைய டேங்க் ரிப்பேர் முடிந்து வந்த சூட்டில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் காரமாகத்தான் வரும்.

சுத்தம் செய்வதில் குறையே இல்லை. லாரி டீசல் நாசில் நுனியில், ஊசி கூட நுழையாத ஓட்டையில் இறுகிய கரி, டேங்க்கின் சோப்புத் தண்ணீரில் போட்டதும் மை மாதிரிக் கழன்று வரும். பிரஷ்ஷால் ஆகாத காரியம்.

எரிச்சலெல்லாம் அடியில் ஒட்டியிருக்கும் பீசோ டிரான்ஸ்டூசர்கள் மேல்தான்; மின்சாரத்தை அதிர்வாக மாற்றுகிற வில்லைகள் அவை. ஒன்று போய்விட்டது. சர்வீஸ்காரர் புதிதில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, "4,000 பைக்கோஃபாரட், மத்ததும் அதேதானுங்க" என்று ஒட்டிவிட்டார். மீட்டருக்கு அதிர்வு தெரியாதே! டிரான்ஸ்டூசரை ஒரு மின்சுற்றாக வரைந்து காட்டும் பட்டர்வொர்த்-வான் டைக் மாதிரிப்படி, அது ஒரு கெபாசிட்டர், அதற்குப் பக்கவாட்டில் இண்டக்டர், சின்னக் கெபாசிட்டர், ரெசிஸ்டர் மூன்றும் வரிசையாகக் கோத்த ஒரு கிளை. அதிர்கிற வேலையைச் செய்வது அந்தக் கிளைதான். மீட்டர் காட்டும் 4,000-ல் அதற்குச் சொந்தம் 400 என்று வைத்தால், 40 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர இண்டக்டர் சுமார் 40 மில்லிஹென்றி வர வேண்டும். ரெசிஸ்டர் 20 ஓம் என்றால், வெறும் 500 ஹெர்ட்ஸ் விலகினாலே கிளையின் தடை 250 ஓமுக்குத் தாவிவிடும். தண்ணீர்ச் சுமையில் இந்தக் கூர்மை மழுங்கும், வாஸ்தவம்தான். ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே ஜெனரேட்டரில் (40 கிலோஹெர்ட்ஸ் மின்சாரம் அனுப்பும் பெட்டி) பேரலலாக மாட்டியிருக்கும்போது, விலகி நிற்கிற ஒன்று சும்மாதான் உட்கார்ந்திருக்கும். அதிர்வு பலமாக உள்ள இடத்தில் அலுமினியத் தாள் ஓட்டையாகும் என்பதால் ஒன்றை முக்கிப் பார்த்தேன்: மற்ற இடமெல்லாம் சல்லடை, புதியதற்கு நேர் மேலே மட்டும் பளபளவென்று அப்படியே இருக்கிறது.

அப்புறம் சூடு. பீசோ சூடேறினால் ஒத்ததிர்வு கீழே இறங்கும், இந்த விலைக்கு வரும் ஜெனரேட்டரோ அதைத் துரத்திப் பிடிக்காமல் வைத்த இடத்திலேயே நிற்கும். காலையில் பாடுகிற டேங்க் மத்தியானம் முனகுகிறது.

பணத்துக்கு மோசமில்லை, பாதி நாளாவது நன்றாகவே உழைக்கிறது. ஆனாலும் வாங்காதே மாப்பிள்ளை. வாங்கியே தீருவேன் என்றால், அதிர்வெண்ணைத் தானாகப் பின்தொடரும் ஜெனரேட்டர் உள்ளதாகப் பார். டிரான்ஸ்டூசர் மாற்ற வருகிறவரிடம் எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது என்று காட்டும் இம்பிடென்ஸ் அனலைசர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் கதவைத் திற.