லைட் எரியுது, போர்ட் வரவில்லை: கிளிநொச்சியில் வாங்கிய நானோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போட் நல்ல போட். 1,650 ரூபாவுக்குக் கிளிநொச்சியில் ஒரு கடையில் வாங்கிய ஆர்டுயினோ நானோ, அதாவது லப்டொப்பில் எழுதுகிற புரோகிராமை ஏற்றி வேலை வாங்குகிற ஒரு சின்ன எலக்ட்ரொனிக் போட் (பலகை). ஒரிஜினல் இல்லை, சீன நகல். நாலு மாதமாக எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்துகொண்டு, சித்திரை வெயிலையும் தாண்டி, ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. ஆனால் அதை லப்டொப்போடு கதைக்க வைக்க எனக்கு மூன்று இரவு போனது, அந்த மூன்று இரவும் கண் விழித்ததற்கு போட் காரணமே இல்லை என்பதுதான் எரிச்சல்.

வாங்கிய காரணம் சின்னது. மோட்டரைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் தாங்கி நிறைந்து வழிந்து முற்றம் சேறாகும், கிணற்றில் தண்ணீர் இறங்குகிற காலத்தில் அதைப் பார்க்க வயிறு எரியும். தண்ணீர் மட்டத்தை அளந்து போனில் காட்டினால் போதும் என்று நினைத்தேன். (போனில் முல்லைத்தீவு மச்சானிடம் "போட் ஒண்டு வாங்கினனான், வேலை செய்யுதில்லை" என்று சொன்னதும் அவர் எஞ்சின் எத்தனை குதிரை என்று கேட்டார். அங்கே போட் என்றால் கடலில் போவதுதான்.)

சரி, முதல் இரவு. பையில் போட்டோடு ஒரு யூஎஸ்பி வயரும் தந்திருந்தார்கள். செருகினேன், போட்டில் சிவப்பு லைட் எரிந்தது, இன்னொரு லைட் மினுங்கியது. ஆனால் புரோகிராமை ஏற்றுகிற ஆர்டுயினோ மென்பொருளில் போர்ட் (லப்டொப் போட்டோடு கதைக்கிற வாசல்) என்ற இடம் மங்கிப்போய்க் கிடந்தது, அழுத்தவே முடியவில்லை. கடைக்கு எடுத்தால் பெடியன் சொல்கிறான், "அண்ணை, லைட் எரியுது தானே, அப்ப போட்டில பிழை இல்லை, உங்கட லப்டொப்பைப் பாருங்கோ." அவன் சொன்னதில் பாதி சரி. லைட் எரிந்தால் கரண்ட் வருகிறது, அவ்வளவுதான். யூஎஸ்பி வயருக்குள் சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. போன் சார்ஜ் பண்ண மட்டும் செய்கிற மலிவு வயர்களில் பின்னது இரண்டும் இருக்காது. அந்த வயரைக் கோபத்தில் பிளேட்டால் கீறிப் பார்த்தேன், உள்ளே சிவப்பும் கறுப்பும்தான்.

நானோவுக்கு இருப்பது பழைய மினி வாய், இப்போதைய போன் வயர் எதுவும் அதற்குள் போகாது. வேறு வயருக்காக ஒரு காலை முழுக்க கடை கடையாக அலைந்தும் கிடைக்கவில்லை. கடைசியில் சித்தப்பா கனடாவில் இருந்து வந்தபோது விட்டுப்போன பழைய கமராவின் வயர் அலுமாரிக்குள் இருந்தது. படம் கொப்பி பண்ணக் கொடுத்த வயர் என்பதால் அதில் நாலு கம்பியும் இருந்தே ஆக வேண்டும். இருந்தது.

அப்புறம் இரண்டாவது இரவு. என் லப்டொப்பில் ஓடுவது விண்டோஸ் இல்லை, உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். கமரா வயரைச் செருகினால் போர்ட் ஒரு கணம் வருகிறது, உடனே காணாமல் போகிறது. வயரை மாற்றியாயிற்று, இனி என்ன? லினக்ஸ் நடந்ததையெல்லாம் எழுதிவைக்கிற பதிவைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது: பார்வையற்றவர்களின் பிரெய்ல் கருவிகளுக்காக உபுண்டுவோடு வருகிற பிஆர்எல்டிடிவை என்ற மென்பொருள், இந்தப் போட்டையும் ஒரு பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்கிறது. காரணம், நகல் நானோக்களில் யூஎஸ்பியில் வருவதைப் போட்டுக்கு விளங்குகிற சீரியல் தகவலாக மாற்றுவது சிஎச்340 என்ற மலிவுச் சிப், அதன் அடையாள எண் 1ஏ86:7523. அதே எண்ணோடு பிரெய்ல் கருவிகளும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் பிரெய்ல் கருவி பாவிக்கிறவர் இல்லை என்பதால் அந்த மென்பொருளை நீக்கினேன், போர்ட் வந்து நின்றது. பிறகு அனுமதி இல்லை என்றது, என் பயனர் பெயரை, சீரியல் போர்ட்டைப் பாவிக்க அனுமதி உள்ள டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தேன், அதுவும் முடிந்தது. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூத்து இல்லை, டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளம் தெரிந்தால் சிஎச்340 டிரைவரைப் போட்டால் பெரும்பாலும் சரி.

போர்ட் வந்ததே, இனிப் புரோகிராமை ஏற்றலாம் என்று பார்த்தால் "நொட் இன் சிங்க்" (இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை) என்று பத்துத் தடவை வரி வரியாக வந்து நின்றது. இங்கேதான் போட் செத்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போயிருப்பேன். அறிவியல்நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிற மருமகனிடம் கேட்டேன். அவன் முதலில் ஒரு சோதனை சொன்னான்: போட்டின் ஓரத்துக் கால்களில் (ஊசிகளில்) ரீசெட் காலைக் கிரவுண்டோடு ஒரு வயரால் இணை, தகவலை வாங்குகிற ஆர்எக்ஸையும் அனுப்புகிற டிஎக்ஸையும் இன்னொரு வயரால் இணை, மென்பொருளில் சீரியல் மொனிட்டர் என்ற பெட்டியில் ஏதாவது எழுதி அனுப்பு. எழுதினது அப்படியே திரும்பி வந்தது. அப்படியென்றால் வயர், டிரைவர், சிஎச்340 மூன்றும் நல்லாயிருக்கிறது, சிக்கல் அதற்கு அந்தப் பக்கம். எனக்கு இந்த மூன்று நாளில் பிடித்தது இந்தச் சோதனைதான், ஊகத்துக்கு இடமே வைக்காது.

"மாமா, இப்ப அந்த வயர் ரெண்டையும் கழட்டிப்போட்டு டூல்ஸுக்குள்ள புரொசெசர் எண்டதில ஓல்ட் பூட்லோடரைத் தெரிவு செய்யுங்கோ" என்றான். செய்தேன், ஏறியது! பூட்லோடர் என்பது போட்டுக்குள் இருந்துகொண்டு, வருகிற புரோகிராமை வாங்கி ஏற்றுகிற சின்ன மென்பொருள். 2018இல் இருந்து வரும் ஒரிஜினல் நானோக்களுக்குப் புதிய பூட்லோடர், அது நொடிக்கு 115200 பிட் வேகத்தில் கதைக்கும். நகல் செய்கிறவர்கள் பலர் இன்னும் 57600இல் கதைக்கிற பழையதைத்தான் போட்டு அனுப்புகிறார்கள். ஒருவர் வேகமாகவும் மற்றவர் ஆறுதலாகவும் கதைத்தால் யாருக்கு விளங்கும். கடைக்காரர் பையின் மேல் "பழைய பூட்லோடர்" என்று ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருந்தால் எனக்கு ஒரு இரவு மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது இரவு என் சொந்தப் பிழை. போனுக்குத் தகவல் அனுப்புகிற புளூடூத் மொடியூலை 0, 1 கால்களில் இணைத்துவிட்டு மறுபடி புரோகிராம் ஏற்றப் பார்த்தேன், ஏறவில்லை. அந்த இரண்டு கால்களும் யூஎஸ்பிக்குப் போகிற அதே ஆர்எக்ஸ், டிஎக்ஸ். ஏற்றும்போது மொடியூலைக் கழற்றவேண்டும், அல்லது வேறு கால்களுக்கு மாற்றவேண்டும். நான் மாற்றிவிட்டேன்.

மதிப்பெண் என்றால் போட்டுக்கு ஐந்துக்கு நாலு, மினி வாய் கொஞ்சம் ஆடுகிறது என்பதால் ஒன்று குறைவு. வயருக்குப் பூச்சியம். கடைக்கு இரண்டு, விலை நியாயம், ஆனால் விற்கிற சாமானைப் பற்றி விற்கிறவருக்கே தெரியவில்லை.

போன கிழமை மிளகாய்த் தோட்டத்துக்கு இன்னொன்று வாங்கப் போனேன், அதே கடைக்குத்தான். லப்டொப்பையும் கமரா வயரையும் பையில் கொண்டுபோய், அவர்களுடைய மேசையிலேயே செருகி, போர்ட் தெரிந்து, ஒரு லைட் மினுக்குகிற புரோகிராமும் ஏறின பிறகு காசைக் கொடுத்தேன். பெடியன் வழக்கம்போலப் பைக்குள் வயரைப் போட்டான். எடுத்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.